ஓல்ட் மூர் ஸ்ட்ரீட் ரெசின் கடை: எத்தன கிலோ காணும் எண்டு வடிவா கணக்குப் பாத்துச் சொல்ற இடம்

எப்பொக்சி நிலம், அதாவது ரெசினையும் அத இறுக வைக்கிற ஹார்ட்னரையும் கலந்து சீமெந்துக்கு மேல பரத்திற நிலம், போட சாமான் எங்க வாங்கலாம் எண்டு கேக்கிற ஆக்களுக்கு என்ட பதில் இப்ப ஒண்டுதான், கொழும்பு 12 ஓல்ட் மூர் ஸ்ட்ரீட் பக்கம் உள்ள இந்த ரெசின் கடைக்குப் போங்கோ. பேர் போட வேணாம் எண்டு கடைக்கார நானாவே கேட்டவர், அதால பேர் போடேல்ல, ஆனா அந்த தெருவில ரெசின், ஃபைபர், ஹார்ட்னர் மட்டும் விக்கிற கடை எது எண்டு கேட்டா ஆரும் காட்டுவினம். மத்த ஹாட்வெயார் கடையள்ல சதுர அடியக் கேட்டுட்டு உடன டின்னத் தூக்கி மேசையில வைக்கிறாங்கள், இங்க அப்பிடி இல்ல, நிலம் எத்தன வருஷம் பழசு, என்னத்துக்குப் பாவிக்கப் போறீங்க, பள்ளம் இருக்கா, எத்தன மில்லிமீற்றர் தடிப்பு வேணும், ஆர் பூசப் போறது, இவ்வளவும் கேட்டு முடிச்ச பிறகு தான் கிலோ கணக்குக்கே வருவார். இந்தக் கேள்வியள் ஏன் முக்கியம் எண்டு சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

எங்கட விஷயம் இதுதான். அக்கா வெள்ளவத்தையில வீட்டோட சேந்த அறையில ஷோர்ட் ஈட்ஸ் செய்து குடுக்கிறவ, ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், ரெண்டு மூண்டு ஒஃபிசுக்கும் ஒரு ஸ்கூல் கன்டீனுக்கும் போகுது. பொரிக்கிற இடம் வேற, அங்க டைல்ஸ் போட்டிருக்கு. மா உருட்டி, உள்ளுக்கு வைச்சு, பெட்டியில அடுக்கிற அறை பழைய சீமெந்து நிலம், அங்கங்க கொத்துப்பட்டு, வெடிச்சு, மாவும் எண்ணெயும் அந்த வெடிப்புக்குள்ள போய் எவ்வளவு கழுவினாலும் போகாது. பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பாத்துட்டு, வெடிப்பு இல்லாம கழுவக்கூடிய நிலமா மாத்துங்கோ, சுவரும் நிலமும் சேர்ற மூலைய வளைவா முடிங்கோ எண்டு சொன்னவர். நியாயமான கதை தானே, மனுசர் சாப்பிடுற சாமான் செய்ற இடம். டைல்ஸ் போட்டா இடையில உள்ள கோட்டுக்குள்ள திரும்பவும் மா ஏறும் எண்டு தான் எப்பொக்சிக்கு வந்தனாங்கள்.

முதல்ல போன ஒரு கடையில சொன்ன கணக்கு, "ஒரு 4 லீட்டர் டின் 400 சதுர அடி போகும், உங்களுக்கு ஒரு டின் போதும், ரெண்டு கோட் எண்டா ரெண்டு டின்." இது பெயின்ட் கணக்கு. பொய் எண்டு சொல்ல மாட்டன், 4 லீட்டர 400 சதுர அடிக்கு இழுக்கலாம் தான், ஆனா இழுத்தா என்ன தடிப்பு வரும் எண்டத அவர் சொல்லேல்ல. 400 சதுர அடி எண்டா 37 சதுர மீற்றர், 4 லீட்டர அதில பரப்பினா ஈரமா இருக்கேக்க 0.108 மில்லிமீற்றர். அந்த டின்னில பாதி கரைப்பான், அது காஞ்சு காத்தில போயிடும், மிஞ்சிறது 0.054 மில்லிமீற்றர். ஒரு A4 தாள் 0.1 மில்லிமீற்றர், அதில பாதி. அந்தத் தடிப்புக்கு மேல தினமும் கேஸ் சிலிண்டரையும் மா மூட்டையையும் இழுத்தா எத்தன மாசம் நிக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. வேற ஒரு கொன்ட்ராக்டர் சதுர அடிக்கு இவ்வளவு எண்டு விலை மட்டும் எழுதித் தந்தார், அந்தக் கடுதாசியில தடிப்பு எண்ட சொல்லே இல்ல. தடிப்பு எழுதாத கொட்டேஷன் ரெண்ட வைச்சு எது மலிவு எண்டு பாக்கவே ஏலாது, ஒண்டு 0.2 மில்லிமீற்றரா இருக்கும் மத்தது 2 மில்லிமீற்றரா இருக்கும், சாமான் பத்து மடங்கு வித்தியாசம்.

நானாட கடையில முதல் கேட்ட வசனம், "தம்பி, சதுர அடிய பொறவு பாப்பம், எத்தன மில்லி வேணும் சொல்லுங்க." பேந்து ஒரு பழைய கலண்டர் தாளைத் திருப்பி எழுதிக் காட்டினார். 1 லீட்டர் சாமான 1 சதுர மீற்றரில பரப்பினா 1 மில்லிமீற்றர் தடிப்பு. இவ்வளவு தான் அடிப்படை, மீதி எல்லாம் இதில இருந்து வாறது. சதுர அடிய 10.76 ஆல பிரிச்சா சதுர மீற்றர், அத மில்லிமீற்றரால பெருக்கினா லீட்டர், லீட்டர அந்தச் சாமான்ட அடர்த்தியால பெருக்கினா கிலோ. இத மனசில வைச்சிருந்தா எந்தக் கடையிலயும் உங்கள ஏமாத்த ஏலாது, பிராண்ட் எதுவா இருந்தாலும் கணக்கு இதே தான்.

இந்தக் கடைசிப் படி தான் கனக்க பேருக்கு விளங்காத இடம், அதால கொஞ்சம் நிண்டு சொல்றன். கலர் இல்லாத சும்மா எப்பொக்சி லீட்டருக்கு 1.1 கிலோ மட்டில வரும். ஆனா செல்ஃப் லெவலிங் எண்டு ஊத்திப் பரத்திற சாமானுக்குள்ள கலரும் கல்மாவும் கலந்திருக்கிறதால அது பாரம், நாங்க வாங்கினதின்ட டேட்டா ஷீட்டில (கொம்பனி குடுக்கிற விபரத் தாள்) 1.45 எண்டு போட்டிருந்தது. அப்ப 20 கிலோ வாளிக்குள்ள இருக்கிறது 20 லீட்டர் இல்ல, 13.8 லீட்டர் தான். கிலோவ லீட்டர் எண்டு எடுத்து கணக்குப் பாத்தா ஒவ்வொரு வாளிக்கும் 6 லீட்டர் காணாமப் போகும், வேலை பாதியில நிக்கும். இதுக்கு நானா ஒரு குறுக்கு வழி சொன்னார், எனக்கு நல்லாப் பிடிச்சது: இந்த அடர்த்தியில ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒரு 20 கிலோ செட் (ரெசினும் ஹார்ட்னரும் அளவா சேந்தது) கிட்டத்தட்ட ஒரு ஸ்கொயர், அதாவது எங்கட மேசன் பாஸ்மார் கணக்கில 100 சதுர அடி. மேசன் பாஸோட கதைக்கேக்க மீற்றர் கணக்கு சொன்னா முழிப்பார், ஒரு ஸ்கொயருக்கு ஒரு வாளி எண்டா உடன விளங்கும். தடிப்பு 3 மில்லி எண்டா ரெண்டு வாளி, அவ்வளவு தான்.

எங்கட அறை 18 அடிக்கு 14 அடி, 252 சதுர அடி, 23.4 சதுர மீற்றர். ஒன்றரை மில்லிமீற்றருக்கு 35 லீட்டர், 1.45 ஆல பெருக்கினா 51 கிலோ. அதுக்கு மேல 7 சதவீதம் சேதாரம் எண்டு போட்டு 54 கிலோ சொச்சம். இந்தச் சேதாரத்தில நான் முதல்ல பேரம் பேசினன், 3 கிலோ ஏன் சும்மா போகோணும் எண்டு கேட்டன், அதுக்கு அவர் சொன்ன காரணம் நியாயமா இருந்தது. வாளியின்ட அடியிலயும் சுவரிலயும் ஒட்டியிருக்கிறது சரியாக் கலக்காத சாமான், அத வழிச்சு நிலத்தில விட்டா அந்த இடம் மட்டும் காயாம பிசுபிசுப்பா நிக்கும், அதால வழிக்கவே கூடாது. றோலரும் ஒரு பங்கு குடிக்கும். அதுதான் சேதாரம், அத மிச்சம் பிடிக்கப் போனா நிலம் தான் பழுதாகும். கலக்கின பிறகு வேற ஒரு துப்புரவான வாளிக்கு மாத்தி திரும்ப ஒருக்கா கலக்கச் சொன்னவர், அதால சுவரில ஒட்டினது உள்ளுக்கு வரும்.

54 எண்டா மத்த கடையள்ல 20 கிலோ செட் மூண்டு கட்டிக் குடுத்துடுவாங்கள், 60. இங்க 5 கிலோ செட்டும் வைச்சிருக்கார், கொம்பனியே அளந்து அடைச்சது, அதால ரெண்டு பெரிசும் மூண்டு சின்னதும், சரியா 55 கிலோ. அஞ்சு கிலோ வித்தியாசம் பெரிய விஷயமோ எண்டு கேக்கலாம். இந்தச் சாமான் எல்லாம் இறக்குமதி, 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள 360 க்குப் போன நாளில இருந்து ஒரு கிலோ ரெசின்ட விலை கையக் கடிக்குது, அக்காட மாதிரி வீட்டில தொழில் செய்றவைக்கு அஞ்சு கிலோ பெரிய காசு. பெரிய செட்ட உடைச்சு கண் மட்டத்துக்குப் பாதி கலக்கிறது எண்டது செய்யவே கூடாத வேலை, ஹார்ட்னர் கூடினாலும் குறைஞ்சாலும் இறுகாது, கூடப் போட்டா கெதியாக் காயும் எண்டு நினைச்சு சிலர் ஊத்துறவை, அது பெயின்ட் இல்ல, ரெண்டும் ஒரு குறிச்ச விகிதத்தில சேந்தாத் தான் பிடிக்கும்.

பள்ளத்தின்ட கதை. 8 அடி அலுமினியச் சட்டத்த நிலத்தில வைச்சு அடியால வெளிச்சம் தெரியுதா எண்டு பாத்துட்டு வரச் சொன்னவர். வைச்சுப் பாத்தா அறையின்ட நடுவில 6 அடிக்கு 5 அடி மட்டில ஒரு பள்ளம், ஆழமான இடத்தில 6 மில்லிமீற்றர். செல்ஃப் லெவலிங் எண்ட பேரைக் கேட்டு, ஊத்தினா அது தானே பள்ளத்தையும் நிரப்பிடும் எண்டு விடலாம், நிரப்பும் தான், ஆனா ஆற்ற காசில? 30 சதுர அடி எண்டா 2.8 சதுர மீற்றர், கிண்ணம் மாதிரி வளைஞ்ச பள்ளத்துக்கு சராசரி ஆழம் பாதி, 3 மில்லிமீற்றர், அப்ப 8.4 லீட்டர் இந்த ஒரு பள்ளமே குடிக்கும். விலை கூடின கலர்ச் சாமான் 12 கிலோ. கணக்கில அத சேர்க்காம வந்திருந்தா ஒரு மூலை வெறும் சீமெந்தாவே நிண்டிருக்கும்.

அதுக்கு அவர் சொன்ன வழி, கலர் இல்லாத மலிவான ரெசினோட காஞ்ச சிலிக்கா மணல் சேர்த்து பள்ளத்த முதல் நிரப்பிறது. ஒரு கிலோ ரெசினுக்கு ரெண்டு கிலோ மணல். மணல் போட்டா அது எவ்வளவு இடத்த அடைக்கும் எண்டதயும் கணக்கா சொன்னார், மணல் ஒரு லீட்டர் இடத்த அடைக்க 2.65 கிலோ வேணும், இடையில உள்ள காத்த எடுத்தாத் தான் அந்தக் கணக்கு, ரெசினுக்குள்ள போட்டா அந்த இடைவெளி ரெசினாலேயே நிரம்பிடும். அப்ப 2 கிலோ மணல் 0.75 லீட்டர், 1 கிலோ ரெசின் 0.91 லீட்டர், சேந்தா 1.66 லீட்டர். 8.4 லீட்டர் பள்ளத்துக்கு ரெசின் 5 கிலோ, மணல் 10 கிலோ போதும். வெறும் ரெசினா ஊத்தினா 9 கிலோவுக்கு மேல போயிருக்கும். கட்டட வேலைக்கு கியூப் கணக்கில வாற ஆத்து மணல இதுக்குப் போட ஏலாது, அதில ஈரமும் மண்ணும் இருக்கு, கழுவிக் காய வைச்சு பையில அடைச்சு வாற மணல் தான் வேணும், அதுவும் அவரிட்டயே இருந்தது.

பிரைமர், அதாவது செல்ஃப் லெவலிங் ஊத்த முதல் நிலத்தில பூசிற அடிக்கோட், தான் ஆருமே சரியாச் சொல்லாத இடம். டேட்டா ஷீட்டில சதுர மீற்றருக்கு 0.2 இல இருந்து 0.3 கிலோ எண்டு தான் இருக்கும், ஆனா பழைய சீமெந்து நிலம் எவ்வளவு குடிக்கும் எண்டு எந்த ஷீட்டுக்கும் தெரியாது. நானா ஒரு கிலோ சின்ன செட் ஒண்டத் தந்து, நிலத்த மெஷினால அரைச்சு முடிச்ச பிறகு ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் டேப் ஒட்டிக் கட்டம் போடுங்க, பூச முதல் வாளியோட நிறுங்க, பூசி முடிய நிறுங்க எண்டு சொன்னவர். அக்காட கேக் நிறுக்கிற டிஜிட்டல் தராசுக்கு அடியில பொலித்தீன் போட்டு நிறுத்துப் பாத்தம், 350 கிராம் குறைஞ்சது. அப்ப எங்கட நிலம் ஷீட்டில சொன்னதவிடக் கூடக் குடிக்குது. வளைவோட சேத்து சுவரில 4 அங்குலம் ஏத்தினதும் சேந்தா 272 சதுர அடி, 25.3 சதுர மீற்றர், 0.35 ஆல பெருக்கினா 9 கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. 10 கிலோ எடுத்தம். இந்த ஒரு சதுர மீற்றர் சோதனைக்காகவே இந்தக் கடைக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். பிரைமர் காணாட்டி நிலம் மேல ஊத்திற சாமான உறிஞ்சும், உள்ளுக்குள்ள இருந்து காத்து மேல வந்து ஊசிக்கண் மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்கும், பேந்து அத சரிக்கட்ட இன்னொரு கோட் காசு.

நிலத்த அரைக்கிற மெஷினையும் அவரே வாடகைக்கு ஒழுங்கு செய்து தந்தவர், தூசி இழுக்கிற வக்யூமோட. அரைச்சா நிலம் சொரசொரப்பாகும், அந்தச் சொரசொரப்புக்குள்ளயும் சாமான் கொஞ்சம் போகும், கனக்க ஆழமா கொத்தினா கனக்கப் போகும். அதால கொத்துற மெஷின் வேணாம், டயமன்ட் அரைப்பு மெஷின் போதும் எண்டு அவர் சொன்னதும் கணக்கோட சேந்த புத்திமதி தான்.

இன்னொரு விஷயம், இதுக்குத்தான் எனக்கு அந்த மனுசனில மதிப்பு வந்தது. பொரிக்கிற அறைக்கும் சேத்து போட்டா ஒரேயடியா வேலை முடியும் எண்டு அக்கா கேட்டவ. கூடச் சாமான் விக்கலாம் தானே, ஆனா அவர், "இல்ல தங்கச்சி, கொதி எண்ண சிந்திற எடத்துக்கு எப்பொக்சி ஒத்துவராது, அந்த டைல்ஸ அப்பிடியே விடுங்க" எண்டுட்டார். சாதாரண எப்பொக்சி 60 பாகை மட்டில இளகத் தொடங்கிடும், பொரிக்கிற எண்ணெய் 170, 180 பாகை. பெரிய உணவு ஃபக்டரியள்ல அந்த மாதிரி இடத்துக்கு போடுறது பொலியூரித்தேன் சீமெந்து, 6 மில்லிமீற்றருக்கு மேல, அதுக்கு பழகின ஆக்கள் வேணும், செலவு வேற. வீட்டோட உள்ள சின்ன இடத்துக்கு டைல்ஸே காணும். வெயில் நேரா படுற இடத்துக்கும் போட வேணாம், மஞ்சளாகும் எண்டும் சொன்னவர், எங்கட அறையில ஒரு ஜன்னல் தான், அதுக்கு கேர்ட்டின் போட்டாச்சு.

வெள்ளவத்தை கடல் பக்கம், பழைய வீடு, நிலத்துக்கு அடியில இருந்து ஈரம் வருதா எண்டு பாக்காம பூசக் கூடாது எண்டு சொன்னவர். 18 அங்குலத்துக்கு 18 அங்குலம் பொலித்தீன் துண்டு, நாலு பக்கமும் டேப்பால இறுக்கி ஒட்டி ஆகக் குறைஞ்சது 16 மணித்தியாலம் விடோணும், ஏ.எஸ்.டி.எம். எண்ட தர நிர்ணய அமைப்பின்ட டி 4263 எண்ட முறை இது. திறந்து பாக்கேக்க அடியில தண்ணி கோத்திருந்தாலோ நிலம் கறுத்திருந்தாலோ பூச வேணாம். எங்கட நிலம் நல்லாத்தான் இருந்தது. வேலைய பெப்ரவரியில வைச்சதும் அவர் சொல்லித்தான், மே மாசம் தென்மேல் பருவமழை தொடங்கினா பிறகு கொழும்புக் காத்தில ஈரம் குறையாது.

நேரத்தப் பற்றி எல்லாரும் நினைக்கிறது விடியக் காலமை குளிரா இருக்கேக்க பூசினா நல்லம் எண்டு. கொழும்பில அது பிழை. காலமை 25 பாகை, காத்தில ஈரம் 95 சதவீதம் எண்டா 24 பாகையிலேயே பனி கோக்கும், நிலம் அதவிட 3 பாகையாவது கூட இருக்கோணும், இருக்காது, அப்ப கண்ணுக்குத் தெரியாம நிலத்தில ஈரம் படியும், மேல வெள்ளையா பூத்து மினுக்கம் போயிடும். பத்து மணி தாண்டி, ஈரம் இறங்கின பிறகு தான் நாங்க தொடங்கினது. ஆனா அந்த நேரம் சூடு, சூட்டுக்கு இறுகிற வேகம் கூடும், பத்து பாகை கூடினா நேரம் பாதியாகும் எண்டு கணக்கு. ஷீட்டில 20 பாகைக்கு 40 நிமிஷம் எண்டு போட்டிருந்தா எங்கட 30 பாகையில 20 நிமிஷம் தான், அதுவும் வாளிக்குள்ளயே வைச்சிருந்தா தன்னால சூடேறி இன்னும் கெதியா இறுகும், வாளி கையில பிடிக்க ஏலாத அளவுக்குக் கொதிக்கும். கலக்கின உடன முழுக்க நிலத்தில ஊத்திப் பரத்தோணும். எத்தன செட் வாங்கிறது எண்ட கணக்கோட எத்தன பேர் வேணும் எண்ட கணக்கும் இதில சேருது: ஒருத்தர் கலக்க, ஒருத்தர் ஊத்திப் பல்லுத் தகட்டால இழுக்க, ஒருத்தர் முள்ளுச் செருப்புப் போட்டுக்கொண்டு முள்ளு றோலர் உருட்ட. ரெண்டு பேரோட தொடங்காதீங்கோ.

பூசினது அவர் அனுப்பின பாஸும் உதவிக்கு வந்த ரெண்டு மல்லிமாரும். பாஸ் நல்ல வேலைக்காரர், கதை குறைவு, ஒவ்வொரு வாளி ஊத்த முதல் அந்த வாளி எதுவரைக்கும் போகோணும் எண்டு சுவரில பென்சிலால கோடு போட்டுக்கொண்டு வந்தார். 20 கிலோ ஒரு கோடு, அடுத்த 20 கிலோ அடுத்த கோடு, மிச்சம் சின்ன செட் மூண்டுக்கும். இத நான் வேற எங்கயும் பாக்கேல்ல, அருமையான பழக்கம், முதல் வாளி கோட்டுக்கு முன்னாலயே முடிஞ்சா தடிப்பாப் போகுது எண்டு அங்கேயே தெரியும், திருத்திக்கொள்ளலாம், கடைசி மூலைக்கு வந்து நிண்டு கையப் பிசையத் தேவையில்ல. பல்லு வைச்ச சீப்பு மாதிரி ஒரு சின்னத் தகட்ட ஈரத்தில குத்தி தடிப்பும் பாத்தவர், ஒன்றரைக்கு மேலயும் கீழயும் கொஞ்சம் தான் ஆடினது. கடைசி சின்ன செட்டில ஒரு கிலோ மட்டில மிஞ்சி, அத வாசல் படிக்குள்ள இழுத்து விட்டார். பிரைமரும் கொஞ்சம் மிஞ்சினது. 55 கிலோ எண்டு சொன்ன கணக்கு 55 இலேயே முடிஞ்சது எண்டது எனக்கு இப்பவும் பெரிய சந்தோஷம்.

நிலம் இப்ப வெளிர் சாம்பல் கலரில ஒரே தகடா இருக்கு. அக்கா பின்னேரம் வேலை முடிய ஒரு வாளி தண்ணியும் ஸ்குவீஜியும் எடுத்தா அஞ்சு பத்து நிமிஷத்தில அறை துப்புரவு, முந்தி முழங்கால்ல இருந்து கத்தி முனையால வெடிப்பு கிளறினவ. பி.எச்.ஐ திரும்ப வந்து மூலைய விரலால தடவிப் பாத்துட்டு திருப்தியாத்தான் போனவர்.

குறை இல்லாம இல்ல. கலர் தெரிவு மெத்தக் குறைவு, சாம்பல் ரெண்டு விதம், பச்சை, ஒரு செங்கல் கலர், வேற கேட்டா ஓடர் பண்ணி வர நாள் எடுக்கும். டெலிவரி சொன்ன நாளுக்கு வரேல்ல, அடுத்த நாள் தான் லொறி வந்தது, பாஸ்மார ஒழுங்கு செய்துட்டு சாமான் வராட்டி கூலி எங்கட தலையில எண்டத அவையள் யோசிக்கோணும், இத நான் நானாவிட்ட நேராயும் சொன்னனான். கையுறை கடையில இருந்தும் கேட்டாத் தான் தாறாங்கள், ஹார்ட்னர் தோலில பட்டா ஒரு சிலருக்கு அலர்ஜி பிடிச்சு பேந்து விடவே விடாது, அதால அத செட்டோட சேத்தே குடுக்கோணும். டேட்டா ஷீட் இங்கிலீஷில மட்டும் தான், சிங்களமோ தமிழோ தெரிஞ்ச பாஸ்மாருக்கு அது வெறும் கடுதாசி. நானா வாயால சொல்றத ரெண்டு பாஷையிலயும் ஒரு பக்கத்தில அடிச்சுக் குடுத்தா எவ்வளவு பேருக்கு உதவும்.

விலை மத்த கடையளவிட கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான். ஆனா மொத்தமா எங்களுக்குக் குறைவு, ஏனெண்டா வாங்கினது தேவையான அளவு, பள்ளத்துக்கு மலிவான சாமான், திறக்காத செட்ட பில்லோட கொண்டு போனா திருப்பி எடுக்கிறதும் உண்டு. ஒரே கலர் எண்டாலும் வாளியில உள்ள பெட்ச் நம்பர் எல்லாம் ஒண்டா எண்டு பாத்துத் தான் ஏத்தி விட்டார், காணாம பிறகு வந்து வேற பெட்ச் வாங்கினா கலர் ஒரு சொட்டு மாறும், அது நிலத்தில கோடு மாதிரித் தெரியும். அதுக்காகவே கணக்கு முதல்லயே சரியா இருக்கோணும், எல்லாத்தையும் ஒரே தடவையில எடுக்கோணும்.

போறவை அறையின்ட நீளம் அகலம், சுவரில எவ்வளவு உயரம் ஏத்திறது, பள்ளம் எங்க எவ்வளவு ஆழம், ஃபோனில நிலத்தின்ட ரெண்டு மூண்டு படம், இவ்வளவையும் கொண்டு போங்கோ, இல்லாட்டி அளந்துட்டு வாங்க எண்டு திருப்பி அனுப்பிடுவார். காரில போகாதீங்கோ, அந்தத் தெருவில நிப்பாட்ட இடமே இல்ல, ஓட்டோவில போய் இறங்கிறது நல்லம். வெள்ளிக்கிழமை பகல் ஜும்மா நேரம் பூட்டு, ரெண்டு மணிக்குப் பிறகு திறப்பினம்.